டப்பாவுல 5 சதவீதம், மூக்குல 15 சதவீதம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம் ஐயா,

உங்க பேப்பர்ல பிளஸ் ஒன் பசங்களுக்காக வர்ற பக்கத்துல கரைசல்கள் பாடத்துக்கு மாதிரி கணக்கு ஒண்ணு போட்டிருந்தீங்க. பென்சீனும் டொலுவீனும் சம மோல், அதாவது மூலக்கூறு எண்ணிக்கையில சமமா, கலந்தா மொத்த ஆவி அழுத்தம் எவ்வளவு, ஆவியில பென்சீனோட பங்கு எவ்வளவு, அவ்வளவுதான் கேள்வி. விடை சரியாத்தான் இருந்துச்சு, அதுல ஒரு குறையும் இல்ல. ஆனா அதே கணக்கை எங்கயோ தூரத்துல இருக்குற ஊர் பையனுக்கும் ஆம்பூர் பையனுக்கும் ஒரே மாதிரி போட்டா எப்படி ஐயா? ஆம்பூர் பையன் வீட்டுலயே அந்தக் கணக்கு தினமும் நடந்துகினு இருக்கு, அவங்க அம்மா ஷூ கம்பெனி ஜாப் ஒர்க் எடுத்து சொல்யூஷன், அதாவது ஷூ ஒட்டற பசை, தடவிகினு இருப்பாங்க, அவங்க அப்பா ஸ்ப்ரே பூத்ல தோலுக்கு பளபளப்பு லாக்கர் அடிச்சிகினு இருப்பாரு, நீங்க கடைசி வரியில போட்ட அந்த விடையைத்தான் ரெண்டு பேரும் நாள் பூரா மூச்சுல இழுக்கறாங்க. நான் ராணிப்பேட்டையில தோல் ஃபினிஷிங்ல பல வருஷம் மேஸ்திரியா இருந்தவன். அதனால இதை படிச்சிட்டு சும்மா பேப்பரை மடிச்சு வைக்க முடியல.

நான் சொல்ல வந்தது ஒண்ணே ஒண்ணு. லாக்கரையும் பசையையும் இளக்க ஊத்தற தின்னர் டப்பாவுக்குள்ள இருக்குற விகிதம் வேற, அதுக்கு மேல காத்துல நிக்கிற விகிதம் வேற. ஆவியாகுற ரெண்டு திரவத்தை கலந்தா சீக்கிரம் ஆவியாகுறது காத்துல தன் பங்குக்கு மேல ஏறி நிக்கும். டப்பாவுல கொஞ்சம்தானே இருக்குன்னு விட்டுடுறோம், ஆனா மனுஷன் டப்பாவை குடிக்கறதில்ல, காத்தை இழுக்கறான்.

முதல்ல தனித்தனியா பார்ப்போம். ஒரு திரவத்தை மூடின டப்பாவுல பாதி அளவு வச்சா மேல இருக்குற காலி இடத்துல ஆவி சேரும், ஒரு கட்டத்துக்கு மேல சேராது, அப்போ அந்த ஆவி கொடுக்கற அழுத்தம்தான் ஆவி அழுத்தம். டப்பா பெருசா சின்னதா, திரவம் ஒரு லிட்டரா பத்து லிட்டரான்னு அதுக்கு கவலை இல்ல, என்ன திரவம், எத்தனை டிகிரி சூடு, இது ரெண்டுதான் அதுக்கு கணக்கு. 20 டிகிரியில பென்சீனுக்கு சுமார் 75 மி.மீ. பாதரசம், டொலுவீனுக்கு சுமார் 22. இது புஸ்தகத்துல போடற சூடு. நம்ம ஊர்ல 20 டிகிரி எங்க ஐயா இருக்கு, மார்கழி விடியகாலையில இருக்கும். சித்திரை வைகாசியில வேலூர்ல 40க்கு மேல போறது சகஜம், தகர ஷீட் போட்ட ஷெட்டுக்குள்ள இன்னும் ஜாஸ்தி. 40 டிகிரியில பென்சீன் 183, டொலுவீன் 59. ரெண்டுமே ரெண்டரை மடங்கு ஏறிடுச்சு. அதே தின்னர், அதே டப்பா, வெயில் மட்டும்தான் மாறுச்சு.

இப்போ ரெண்டையும் கலந்தா என்ன ஆகும்? ஃபுல்லா ஏறின டவுன் பஸ்ஸை நினைச்சுக்கோங்க, படிக்கட்டுகிட்ட நிக்கிறவங்கதான் இறங்க முடியும், அந்த இடத்துல பாதியை வேற ஊருக்கு போறவங்க பிடிச்சுகினு நின்னா இந்த ஸ்டாப்புல இறங்கறவங்க எண்ணிக்கை பாதியாயிடும். திரவத்தோட மேற்பரப்பும் அப்படித்தான், மூலக்கூறு வெளிய போறது மேல்பரப்புல இருந்து, அங்க ஒவ்வொண்ணுக்கும் எவ்வளவு இடம் கிடைக்குதோ அந்த அளவுக்குத்தான் அது காத்துக்கு ஏறும். ஒரு திரவத்தோட மோல் பின்னத்தை, அதாவது மொத்த மூலக்கூறு எண்ணிக்கையில அதோட பங்கை, அதோட தனி ஆவி அழுத்தத்தால பெருக்கினா கலவையில அது கொடுக்கற பங்கு வந்துடும், ரெண்டு பங்கையும் கூட்டினா மொத்தம். ஃபிரான்ஸ்ல கிரனோபிள்ல இருந்த ஃபிரான்சுவா மரி ரௌல்ட் 1887 வாக்குல சொன்னது இது. கூட்டலாம்னு சொன்னது அதுக்கு முன்னாடியே டால்டன், 1801ல.

இப்போ நம்ம தின்னருக்கு போட்டு பாருங்க. டொலுவீன் 95, பென்சீன் 5, மோல் கணக்குல. 20 டிகிரியில பென்சீன் பங்கு 0.05 பெருக்கல் 75, அதாவது 3.75. டொலுவீன் பங்கு 0.95 பெருக்கல் 22, அதாவது 20.9. மொத்தம் 24.65, அதுல பென்சீன் 15 சதவீதம். டப்பாவுல 5 இருந்தது மேல வரும்போது 15 ஆயிடுச்சு. யாரும் ஏமாத்தல, கலப்படம் பண்ணல, டப்பாவுல எழுதினது உண்மைதான், காத்துல இருக்கறதும் உண்மைதான். 40 டிகிரிக்கு போட்டா பென்சீன் 9.15, டொலுவீன் 56, பங்கு 14 சதவீதம். பங்கு பெருசா மாறல, ஆனா அளவு 3.75ல இருந்து 9.15க்கு போயிடுச்சு. உங்க பக்கத்துல போட்ட சம மோல் கணக்குலயும் இதேதான், திரவத்துல பாதிக்கு பாதி, ஆவியில பென்சீன் 77, டொலுவீன் 23. பசங்க 77ன்னு எழுதி மார்க் வாங்கிடுவாங்க, அந்த 77க்கு என்ன அர்த்தம்னு ஒருத்தரும் சொல்லித்தரல.

டப்பாவுல எழுதறது எடை கணக்கு, நீ மோல் கணக்கு போடறியேன்னு கெமிஸ்ட்ரி சார் யாராவது கேப்பாங்க. நியாயமான கேள்வி. பென்சீன் மூலக்கூறு எடை 78, டொலுவீன் 92, ரெண்டும் பக்கத்து பக்கத்துல இருக்கறதால 5 சதவீதம் எடைன்னா மோல்ல கிட்டத்தட்ட 5.8 வரும், அவ்வளவுதான், நிலைமை இன்னும் கொஞ்சம் மோசமாத்தான் ஆகுது. சரி, 5 வேணாம், நல்ல கம்பெனி தின்னர், பென்சீன் 1 சதவீதம்தான்னு வச்சுக்குவோம். 40 டிகிரியில அது கொடுக்கற பங்கு 1.83 மி.மீ. வெளியில இருக்குற மொத்த காத்தழுத்தம் 760. ரெண்டையும் வகுத்தா பத்து லட்சத்துல 2400 பங்கு, அதாவது 2400 பிபிஎம். இது மூடி கிடக்குற ட்ரம்முக்குள்ள மேல நிக்கிற காத்து, ஷெட்டு முழுக்க இப்படி இருக்காது, காத்து கலந்து குறையும், அதை மறைக்க மாட்டேன். ஆனா அமெரிக்காவுல 1987ல இருந்து வேலை செய்யற இடத்துல எட்டு மணி நேர சராசரிக்கு வச்சிருக்குற வரம்பு 1 பிபிஎம். 2400 எங்க, 1 எங்க. ட்ரம் மூடியை திருகி திறந்த உடனே உள்ள எவ்வளவு இருக்குன்னு குனிஞ்சு பார்க்கற பழக்கம் நம்ம ஆளுங்க எல்லாருக்கும் இருக்கு, மே மாசத்துல திறந்தா புஸ்ஸுன்னு முகத்துல அடிக்கும் பாருங்க, அதுதான் அந்த 2400.

பென்சீனைப் பத்தி இவ்வளவு பேசறதுக்கு காரணம் இருக்கு. உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு பென்சீனை மனுஷனுக்கு புற்றுநோய் வர வைக்கும்னு உறுதியான முதல் வகையில வச்சிருக்கு. ரத்தத்துல வர்ற லுக்கேமியா. இதை கண்டுபிடிச்சதுல பெரிய பங்கு யாருக்குன்னா ஷூ தைக்கிறவங்களுக்குத்தான். துருக்கியில முஸாஃபர் அக்சோய்னு ஒரு ரத்த நோய் டாக்டர், இஸ்தான்புல்ல சின்ன சின்ன பட்டறையில பென்சீன் கலந்த பசை வச்சு ஷூ, செருப்பு, பை தைச்சவங்களை பார்த்துகினே வந்தாரு. 28,500 ஷூ தொழிலாளிங்க இருந்த ஊர்ல 26 பேருக்கு தீவிர லுக்கேமியா, இல்லன்னா அதுக்கு முந்தின நிலைன்னு 1974ல எழுதினாரு, சாதாரண ஜனங்களுக்கு வர்றதை விட அது தெளிவா ஜாஸ்தி. இஸ்தான்புல் பட்டறைன்னு படிக்கும்போது எனக்கு பேர்ணாம்பட்டும் வாணியம்பாடியும்தான் கண்ணுக்கு வந்துச்சு. கீழ உக்காந்து வேலை, சின்ன ரூம்பு, பக்கத்துல திறந்த டப்பா.

பென்சீன் இல்லாத சொல்யூஷன்தான் நாங்க வாங்கறோம்னு இப்போ நிறைய கம்பெனிங்க சொல்லுது, சந்தோஷம், உண்மையிலேயே நல்ல விஷயம். ஆனா பென்சீனை எடுத்துட்டு ஹெக்சேன்னு இன்னொரு கரைப்பானை போட்டா ரௌல்ட் கணக்கு போயிடாது, இன்னும் வேகமாயிடும். ஹெக்சேனுக்கு 20 டிகிரியில 121 மி.மீ. டொலுவீனும் ஹெக்சேனும் கலந்ததுல மோல் கணக்குல அஞ்சுல ஒரு பங்கு ஹெக்சேன்னா, ஹெக்சேன் கொடுக்கறது 24.2, டொலுவீன் கொடுக்கறது 17.6. காத்துல ஹெக்சேன் 58 சதவீதம். டப்பாவுல 20, காத்துல 58, பாதிக்கு மேல. ஹெக்சேன் கேன்சர் கொடுக்கும்னு உறுதியாகல, ஆனா அது நரம்பை புடிக்கும், கால் விரல்ல இருந்து மரத்துகினே மேல வரும், அப்புறம் கையில பிடி இருக்காது. 1960கள்ல ஜப்பான்ல வீட்டுல உக்காந்து செருப்பு ஒட்டினவங்களுக்கு இப்படி வந்துதான் ஹெக்சேனை பத்தி வெளிய தெரிஞ்சுது. வீட்டுல உக்காந்து ஒட்டினவங்க ஐயா, ஃபேக்டரியில இல்ல.

இப்போ நம்ம ஊர் வீட்டுக்கு வர்றேன். ஆம்பூர் பக்கம் ஒரு தெருவுல நுழைஞ்சா வாசல் வரைக்கும் ஷூவோட மேல்பகுதி, அப்பர்னு சொல்றது, கட்டு கட்டா கிடக்கும். ஒரு அம்மா கால் நீட்டி தரையில உக்காந்து, பழைய டிஃபன் பாக்ஸ் மூடியில சொல்யூஷன் ஊத்தி வச்சிகினு, பிரஷ்ஷால ஓரத்துல தடவி தடவி மடிச்சு விரலால அழுத்திகினு இருப்பாங்க. ஃபேன் ஓடாது. ஏன்னா ஃபேன் போட்டா மூடியில இருக்குற சொல்யூஷன் மேல ஆடை கட்டிடும், தடவினது மடிக்கறதுக்குள்ள காஞ்சிடும், பீஸ் ரிஜெக்ட் ஆயிடும், ரிஜெக்ட்டுக்கு காசு கிடையாது. ஜன்னலும் சாத்தித்தான் இருக்கும், தூசி வந்து ஒட்டும்னு. பக்கத்துலயே ஒரு பாய், பாயில குழந்தை. இந்த ஆவியெல்லாம் காத்தை விட கனம், டொலுவீன் ஆவி காத்தை விட சுமார் மூணு மடங்கு, பென்சீனும் ஹெக்சேனும் கிட்டத்தட்ட அதே மாதிரி. அது மேல போகாது, தரையோட படிஞ்சு பரவும். நின்னுகினு இருக்கறவங்களுக்கு வாசனை அவ்வளவா தெரியாது, உக்காந்திருக்கறவங்களுக்கு ஜாஸ்தி, படுத்திருக்கற குழந்தைக்கு எல்லாரையும் விட ஜாஸ்தி. கம்பெனியிலயும் இதேதான், எக்ஸாஸ்ட் ஃபேனை கூரைக்கு கீழ உசரத்துல மாட்டி வச்சிருப்பாங்க, இன்ஸ்பெக்ஷனுக்கு அது போதும், மேஜை மட்டத்துலயும் தரை மட்டத்துலயும் இழுக்கற டக்ட் வச்சாத்தான் உண்மையில ஆவி போகும்.

கெட்டியான பசைதானே, தண்ணி மாதிரி ஆவியாகாதுன்னு ஒரு நம்பிக்கை இருக்கு. அது தப்பு. பசையில இருக்குற ரப்பர் மூலக்கூறு ரொம்ப பெருசு, எடையில நிறைய இருந்தாலும் எண்ணிக்கையில ரொம்ப கொஞ்சம், அதனால கரைப்பானோட ஆவி அழுத்தத்தை அது பெருசா குறைக்காது, கிட்டத்தட்ட காயற கட்டம் வர்ற வரைக்கும்.

இன்னொண்ணு, இது ஃபினிஷிங்ல நின்னவங்களுக்கு நல்லா தெரியும். காலையில புது ட்ரம் உடைச்சா முதல் ஒரு மணி நேரம் அடிக்கிற வாசனை வேற, சாயங்காலம் அதே தொட்டியில அடிக்கிற வாசனை வேற. சீக்கிரம் போறது முதல்ல போயிடுது, மிச்சம் இருக்கறதுல மெதுவா போறது ஜாஸ்தியாயிடுது, அதனால கலவையோட ஆவி அழுத்தம் நேரம் ஆக ஆக இறங்கும். கெடுதல் ஜாஸ்தியா இருக்கறது திறந்த உடனே. ஆனா சாயங்காலம் சொல்யூஷன் கெட்டியாச்சுன்னு மறுபடி புது தின்னர் ஊத்தி கலக்குவாங்க, அப்போ மறுபடியும் காலை நிலைமைதான். காத்து எப்படி இருக்குன்னு அளக்கற கருவியை எடுத்துகினு வர்றவங்க மதியம் மூணு மணிக்கு வந்து அளந்துட்டு போனா என்ன தெரியும்? ட்ரம் உடைக்கிற நேரத்துல அளக்கணும், தின்னர் ஊத்தி கலக்குற நேரத்துல அளக்கணும்.

ரௌல்ட் சொன்ன கணக்கு எல்லா ஜோடிக்கும் பொருந்தாது, அதையும் சொல்லிடணும், ஏன்னா அது தப்பறது பெரும்பாலும் நமக்கு பாதகமான பக்கம்தான். பென்சீனும் டொலுவீனும் ஒரே குடும்பம், ஒண்ணோட ஒண்ணு ஒரே மாதிரி பழகும், அதனால கணக்கு அச்சா வரும். குணம் மாறின ரெண்டை கலந்தா வராது. 1900ல யான் ஜாவிட்ஸ்கின்னு ஒருத்தர் ஜோடி ஜோடியா கலந்து 35 டிகிரி வாக்குல அளந்து பார்த்தாரு. அசிட்டோன் தனியா 344 மி.மீ., குளோரோஃபார்ம் தனியா 293. ரெண்டையும் கலந்தா நடுவுல 250 கிட்ட இறங்கிடுச்சு, ரெண்டை விடவும் கம்மி, ஏன்னா ஒண்ணு இன்னொண்ணை இழுத்து புடிச்சுக்குது. அதே அசிட்டோனை கார்பன் டைசல்ஃபைடோட கலந்தாரு, அது தனியா 512, கலந்தா 650 வரைக்கும் ஏறிடுச்சு, ரெண்டை விடவும் ஜாஸ்தி. ஒண்ணுக்கொண்ணு ஒத்துவராத மூலக்கூறுங்க வெளிய ஓடப்பார்க்கும். அசிட்டோனும் ஹெக்சேனும் இந்த ரெண்டாவது வகை. அசிட்டோன் 56 டிகிரியில கொதிக்கும், ஹெக்சேன் 69ல, சரியான அளவுல கலந்தா 50 டிகிரியிலயே கொதிச்சிடும். சொல்யூஷன்ல அசிட்டோனும் ஹெக்சேனும் சேர்ந்தே இருந்துச்சுன்னா ரௌல்ட் கணக்கு காட்டறதை விட ஜாஸ்தி ஆவி காத்துல இருக்கும்னு அர்த்தம். 1881லயே ரஷ்யாவுல கொனவலோவ் ஒரு விதி சொல்லி வச்சாரு, எதை சேர்த்தா கலவையோட மொத்த ஆவி அழுத்தம் ஏறுதோ அது திரவத்துல இருக்கறதை விட ஆவியில கூடுதலா இருக்கும்னு. இது ஒண்ணை மட்டும் ஞாபகம் வச்சிகினா போதும், கால்குலேட்டர் கூட வேணாம்.

இதே விஷயம் இப்போ பெட்ரோல் பங்க்குக்கும் வந்துடுச்சு. நம்ம கரும்பு போற சர்க்கரை ஆலையில இருந்தும் தானியத்துல இருந்தும் எடுக்கற எத்தனாலைத்தான் பெட்ரோல்ல கலக்கறாங்க, 2022ல 10 சதவீதம் ஆச்சு, இப்போ 20. எத்தனாலுக்கு தனியா ஆவி அழுத்தம் கம்மி, 38 டிகிரி வாக்குல 16 கிலோபாஸ்கல்தான் (இது அழுத்தத்துக்கு இன்னொரு அளவு), பெட்ரோலுக்கு 60 பக்கம். அப்போ கலந்தா இறங்கணும்தானே? ஏறுது. 10 சதவீதம் கலந்தா சுமார் 7 கிலோபாஸ்கல் ஏறும், 20ல உச்சத்துல இருந்து கொஞ்சம் இறங்கி நிக்கும், ஆனா வெறும் பெட்ரோலை விட மேலதான். எத்தனால் மூலக்கூறுங்க தங்களுக்குள்ள கைகோத்துகினு நிக்கும், அதுதான் அது மெதுவா ஆவியாகுறதுக்கு காரணம், பெட்ரோலுக்குள்ள போய் தனித்தனியா சிதறினதும் பிடி விட்டுப்போயிடுது. பெட்ரோல்லயும் பென்சீன் இருக்கு, 1 சதவீதம் வரைக்கும் சட்டப்படி விடலாம். மெக்கானிக் ஷாப்புல பசங்க ட்ரேயில பெட்ரோல் ஊத்தி செயின் கழுவறது, கடைசியில கையையும் அதுலயே கழுவறது, காட்பாடியில இருந்து திருப்பத்தூர் வரைக்கும் எந்த ரோட்டுலயும் பார்க்கலாம். மண்ணெண்ணெய்க்கு மாறினாலே பாதி கெடுதல் குறையும், அது அவ்வளவு சீக்கிரம் ஆவியாகாது.

இன்னொரு பழக்கத்தையும் சொல்லணும். வேஸ்ட் தின்னர் பக்கெட்ல ஆவி வரக்கூடாதுன்னு தண்ணி ஊத்தி வைக்கிறாங்க. டொலுவீன் தண்ணியில கரையாது, தண்ணியை விட லேசு, மேல மிதக்கும். கலக்காத ரெண்டு திரவம் ஒண்ணோட ஒண்ணு பங்கு போட்டுக்காது, மேல்பரப்புல இடத்தை குறைக்காது, ஒவ்வொண்ணும் தன்னோட முழு ஆவி அழுத்தத்தையும் கொடுக்கும். தண்ணி ஊத்தினதால டொலுவீன் ஆவி ஒரு துளி கூட குறையாது. இந்த குணத்தை வச்சுத்தான் நம்ம ஜவ்வாது மலை சந்தன மரத்துல இருந்து எண்ணெய் எடுக்கறாங்க, திருப்பத்தூர் சந்தன கிடங்கை தெரியாதவங்க நம்ம பக்கத்துல யாரு. சந்தன எண்ணெய் தனியா கொதிக்க 300 டிகிரி பக்கம் போகணும், அதுக்குள்ள கருகிடும். நீராவியோட சேர்த்து விட்டா தண்ணியோட அழுத்தமும் எண்ணெயோட கொஞ்சூண்டு அழுத்தமும் கூடி 760ஐ தொட்டுடும், 100 டிகிரிக்கு கீழயே எண்ணெய் மணமா வந்து இறங்கும். சந்தனத்துக்கு நல்லது பண்ற அதே கூட்டல்தான் பக்கெட்டு விஷயத்துல நம்மளை ஏமாத்துது. பக்கெட்டுக்கு தண்ணி வேணாம், இறுக்கமான மூடி வேணும்.

வட ஆற்காட்டுல தோல்னு சொன்னாலே எல்லாரும் பாலாறு, குரோமியம், தண்ணின்னுதான் பேசறாங்க. பேசணும், தப்பே இல்ல. வேலூர் சிட்டிசன்ஸ் வெல்ஃபேர் ஃபோரம் போட்ட கேஸ்ல 1996 ஆகஸ்ட் 28ல சுப்ரீம் கோர்ட் கொடுத்த தீர்ப்பை சட்டம் படிக்கிற எல்லா பசங்களும் இன்னைக்கும் படிக்கறாங்க, அது நம்ம மாவட்டத்துக்கு பெருமை. ஆனா தண்ணிக்கு கலர் இருக்கு, நாத்தம் இருக்கு, கேமராவுல விழும். காத்துல போற டொலுவீனுக்கு கலர் கிடையாது, கொஞ்ச நேரத்துல மூக்குக்கும் பழகிடும், அதனால அது செய்தியாவே ஆகல. பூட்டின ஷெட்டுக்குள்ள நடக்குறதும் வீட்டு வாசப்படிக்குள்ள நடக்குறதும் எனக்கு தெரிஞ்சு எந்த கோர்ட்டுக்கும் போகல.

சட்டத்துல இடம் இல்லாம இல்ல. போபாலுக்கு அப்புறம் 1987ல ஃபேக்டரி சட்டத்துல 41பின்னு ஒரு பிரிவு சேர்த்தாங்க, வேலை செய்யறவங்களுக்கு ஆபத்தை பத்தி ஓனர் தானே முன்வந்து சொல்லணும்னு. 1989ல வந்த அபாய ரசாயன விதியில ஒவ்வொரு ரசாயனத்துக்கும் பாதுகாப்பு தகவல் தாள் இருக்கணும்னு இருக்கு. இப்போ வர்ற தாள்ல 16 பிரிவு இருக்கும், ஒன்பதாவது பிரிவுல ஆவி அழுத்தம் போட இடம் இருக்கு. நான் வேலை பார்த்த இடத்துல அந்த தாள் ஆபீஸ் ரூம்ல ஃபைலுக்குள்ள இங்கிலீஷ்ல இருந்துச்சு, பாதி தாள்ல அந்த இடத்துல தகவல் இல்லைன்னு போட்டிருக்கும், மீதியில கலவைக்கு மொத்தமா ஒரே ஒரு நம்பர் இருக்கும். எது எவ்வளவு பங்கு காத்துக்கு போகுதுன்னு எதுலயும் கிடையாது. ஸ்ப்ரே அடிக்கிறவருக்கு அந்த ஃபைல் இருக்கறதே தெரியாது. ஃபேக்டரிக்காவது ஃபைலு இருக்கு, வீட்டுல ஜாப் ஒர்க் பண்ற அம்மாவுக்கு ஒரு துண்டு பேப்பர் கூட வர்றதில்ல, கேன்ல லேபிளே இல்லாம அளந்து ஊத்தி கொடுத்துட்டு போயிடறாங்க.

அதனால ஐயா, உங்ககிட்ட கேக்கறது இது. மாணவர் பக்கத்துல ரௌல்ட் விதி வரும்போது பென்சீன் டொலுவீன் கணக்கு போட்ட கையோட இது தின்னர், இது ஷூ சொல்யூஷன், திரவத்துல இவ்வளவு, ஆவியில இவ்வளவுன்னு 40 டிகிரிக்கு ஒரு சின்ன கட்டம் போட்டு கொடுங்க. வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மூணு மாவட்ட பதிப்புல போட்டாலே போதும். அந்தப் பையன் அதை வீட்டுல சத்தமா படிச்சா அவங்க அம்மா காதுல விழும். ஸ்கூல்ல சார்ங்க இதை செஞ்சு காட்டணும்னா பென்சீனை தொடவே வேணாம், மெடிக்கல் ஷாப்பு ஸ்பிரிட்டும் தண்ணியும் சரிபாதி கலந்து அகலமான தட்டுல ஊத்தி ஜன்னலோரம் வச்சு, ஊத்தின உடனேயும் ரெண்டு பீரியட் கழிச்சும் மோந்து பார்க்க சொல்லுங்க, ஸ்பிரிட் முந்திகினு போயிட்டது பசங்களுக்கே தெரியும்.

தொழிலாளர் நலத்துல, ஃபேக்டரி இன்ஸ்பெக்டரேட்ல இருக்கறவங்க இதை படிச்சாங்கன்னா அவங்களுக்கும் ரெண்டு வார்த்தை. தின்னர் ட்ரம்முலயும் சொல்யூஷன் கேன்லயும் தமிழ்ல எழுத வைங்க, எழுதும்போது ரெண்டு வரிசையா எழுத வைங்க, திரவத்துல எவ்வளவு சதவீதம், 40 டிகிரியில ஆவியில எவ்வளவு சதவீதம். தயாரிக்கிற கம்பெனியில கெமிஸ்ட் இருக்காரு, அவருக்கு இது பத்து நிமிஷ வேலை, கலவை ரௌல்ட் கணக்குக்கு அடங்காததா இருந்தா அளந்து பார்த்து போடட்டும். ஜாப் ஒர்க் கொடுக்கற ஏஜென்ட் லேபிள் இல்லாத கேன்ல ஊத்தி கொடுக்கக்கூடாது, வாய் குறுகலான, பிரஷ் மட்டும் உள்ள போற மூடி வச்ச டப்பாவுல கொடுக்கணும், டிஃபன் பாக்ஸ் மூடியில திறந்து கிடக்கறதுக்கு அது எவ்வளவோ மேல், சொல்யூஷனும் வீணாகாது, ஆடையும் கட்டாது. அப்புறம் ஃபேனை வேலை செய்யறவங்க முதுகுக்கு பின்னாடி வச்சு காத்து கதவு பக்கமா வெளிய போற மாதிரி திருப்பி வைக்க சொல்லுங்க, பசை மேல நேரா அடிக்காது, தரையில படிஞ்சிருக்கற ஆவியும் வாசல் வழியா போயிடும்.

இப்படிக்கு,
தோல் ஃபினிஷிங் முன்னாள் மேஸ்திரி,
ராணிப்பேட்டை.